பெரியம்மா உடைத்த விரதம்

போன வருஷம் பெரியம்மா இறந்த பதினாறாம் நாள் காரியத்தில் வந்தவர்கள் எல்லோரும் அவருடைய பக்தியையும் துணிச்சலையும் பற்றியே பேசினார்கள். பத்து வயதில் நான் அதே கூடத்தில் நின்று அவரைப் பற்றிச் சொன்னதை யாரும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்களோ, எனக்காக விட்டுவிட்டார்களோ தெரியாது.

பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தார். முட்டை சின்னதாக வந்தால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவார் என்று பேர். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, அப்பா ஆஸ்பத்திரியே கதி என்று ஆனபோது என்னைத் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

மாசிக் கடைசியில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கியது. அன்றிலிருந்து இருபத்தெட்டு நாள் அம்மனே பட்டினி இருப்பாள். மக்களுக்காக அவள் இருக்கும் விரதம் அது. சமைத்த படையல் கிடையாது. பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் அவ்வளவுதான். பெரியம்மாவும் வருஷாவருஷம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அப்படியே இருப்பார். எங்கள் தெருப் பெண்கள் பூத்தட்டோடு நடந்து போகும்போது முதல் தட்டு அவர் கையில்தான் இருக்கும்.

அந்த வருஷம் முதல் நாள் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, "இந்தத் தடவை உங்கம்மாவுக்காகத்தான் இருக்கேன் பாப்பா. எந்திரிச்சு வந்துடுவா, பாரு" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். பெரியம்மாவின் வாயில் ஒரு பருக்கை போனால் அம்மாவுக்கு ஆபத்து என்றும் நானாகச் சேர்த்து நம்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவரைக் கண்காணிப்பதே என் வேலையாகிவிட்டது.

இரண்டாவது வாரமே சந்தேகம் தட்டியது. பட்டினி கிடப்பவர் வாட வேண்டாமா? பெரியம்மாவின் கன்னம் பளபளவென்று இருந்தது. ஒருநாள் ஏப்பம் விட்டார். ஒருநாள் விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது. கேட்டதற்குக் குங்குமம் என்றார். குங்குமம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூட வேலை முடிந்ததும் தினமும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார். சமயபுரத்தாளைத் தவிர வேறு சாமி தெரியாதவர், திடீரென்று பெருமாள் பக்கம் கட்சி மாறியது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு சனிக்கிழமை அடம்பிடித்து நானும் பஸ் ஏறிவிட்டேன். கோயிலுக்குள் ஒரு மண்டபத்தில் என்னை உட்காரவைத்து, "இங்கேயே இரு, வந்துடுறேன்" என்று போனார். போனவர் சன்னிதிப் பக்கம் போகவில்லை, வெளியே போனார். நான் தூண் தூணாக மறைந்து பின்னாலேயே போனேன். சித்திரை வீதியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். அது அவருடைய பள்ளிக்கூடத்து டீச்சர் மாமியின் வீடு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியம்மா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். குவியலாகச் சோறு, கீரை, பீட்ரூட், பக்கத்தில் ஒரு கிண்ணம் பேரீச்சம்பழம். மாமி குனிந்து பரிமாறிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் கீரை சாதிக்கட்டுமா? ஒண்ணும் மிச்சம் வைக்கப்படாது, கேட்டேளா" என்றார். பெரியம்மா அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரசத்தில் மிளகு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பி ஓடி மண்டபத்தில் உட்கார்ந்தேன். அம்மா செத்துப்போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் உயிரைக் கீரையில் பிசைந்து தின்றுவிட்டு வந்து, இந்தப் பெண்மணி என் தலையைத் தடவி, "பயந்தியா பாப்பா?" என்று கேட்கிறார். வாழ்நாளில் யாரையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தெருப் பெண்களெல்லாம் மஞ்சள் புடவையில் கூடத்தில் நின்றார்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பெரியம்மாவின் நாத்தனாரும் வந்திருந்தார். பெரியம்மா முதல் தட்டைக் கையில் எடுத்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"பெரியம்மா தட்டைத் தூக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துல தினம் சோறு சாப்பிடுறாங்க. நான் பாத்தேன்."

நாத்தனார்தான், "என்ன அண்ணி, புள்ள சொல்றது நெசமா?" என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார்; கோபம் இல்லை. "நெசந்தான். பசி தாங்கல" என்றார். நாத்தனார் தட்டை வாங்கிக்கொண்டு, "ஆத்தா வெளையாட்டுப் பொருளில்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மற்றவர்களும் போனார்கள். இத்தனை வருஷமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் வாசலில் தனியாக நின்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்த மாதம் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. எங்கிருந்தோ ஒரு சிறுநீரகம் கிடைத்துவிட்டது என்றார் அப்பா. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே அதே ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்கும் வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள்.

கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டு வந்தால்தான் சிறுநீரகத்தை எடுப்போம் என்று பெரியம்மாவிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விரதம் இல்லை என்றால் ஏன் என்ற கேள்வி வரும். நாத்தனாருக்குத் தெரிந்தால் வீட்டை இரண்டாக்கியாவது தடுத்திருப்பார். அதனால்தான் ஊருக்கு மஞ்சள் புடவை, ஸ்ரீரங்கத்தில் கீரைச்சோறு. அம்மா, அப்பா, பெரியப்பா, மாமி இவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. பெரியம்மாவின் கட்டிலருகே போய், "விரதத்தை உடைச்சீங்கல்ல, அதான் ஆத்தா உங்களைத் தண்டிச்சிடுச்சு" என்றேன்.

பெரியம்மாவால் சரியாகப் பேச முடியவில்லை. விலாப்பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "உங்கம்மாவை விட்டுட்டாள்ல. அது போதும் பாப்பா" என்றார்.

தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாரே, போனால் போகட்டும் என்று நானும் அவரை மன்னித்துவிட்டேன்.