கங்கையம்மாளுக்குப் போகாத மஞ்சள் கடுதாசி

ஞானசௌந்தரிக்கு வாய் நீளம், அந்த வாயால்தான் கெட்டாள் என்று குரோம்பேட்டையில் அவள் குடியிருந்த சந்தில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண்ணைப் போட! அவள் வாய் திறந்ததால் வந்தது பாதிதான். மீதி, திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டதால் வந்தது.

அவள் புருஷன் வில்பிரட் பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தினார். பிள்ளைகள் விடுதிச் சாப்பாட்டுக்கு மாறியதும் மெஸ் படுத்துவிட்டது. கடன் நாலு லட்சத்தைத் தாண்டியது. 2005-இல் செங்கல்பட்டு கோர்ட்டில் திவால் மனு போட்டார். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று ஊர் சொல்லுமே, அது. கடன் கொடுத்தவர்கள் எல்லார் பெயரையும் எழுதித் தரச் சொன்னார் வக்கீல். பதினோரு பெயர் எழுதியாயிற்று. பன்னிரண்டாவதாகக் கங்கையம்மாள் பெயரை எழுதப் போனபோது ஞானசௌந்தரி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

கங்கையம்மாள் கோவளத்து மீன்காரி. மெஸ்ஸுக்கு மூன்று வருஷம் மீன் போட்டவள். கடைசி எட்டு மாதம் கடனுக்கே போட்டாள். கரையில் மீன் எடுக்கக் கையில் காசில்லாமல் போனபோது, புருஷன் துலுக்காணத்தின் படகு எஞ்சினையே அடகு வைத்தாள். இருபத்தெட்டாயிரம் பாக்கி. ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

"அந்த அக்காவுக்குப் போயா மஞ்சக் கடுதாசி அனுப்புறது? நமக்கு வெக்கமா இல்ல? அவங்க பணத்தை நாமளே முழுசாக் குடுத்துடலாங்க" என்றாள். வில்பிரட்டும் தலையாட்டிவிட்டார். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள், பாவம்.

மெஸ்ஸை மூடியபின் சேர்ந்த கேன்டீன் வேலையில் வில்பிரட்டுக்குச் சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு. அதில் ஆயிரத்து ஐந்நூறை மாதாமாதம் கோர்ட் நியமித்த ரிசீவரிடம் கட்ட வேண்டும். அவர் பதினோரு பேருக்கும் பிரித்துக் கொடுப்பார். ஐந்து வருஷம். வீட்டில் யாருக்கு மேல்வரும்படி வந்தாலும் ரிசீவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "மறைச்சு யாருக்காவது தனியாக் குடுத்தீங்கன்னா ஏற்பாடே ரத்து. சார் ஜெயிலுக்குக்கூடப் போகவேண்டி வரும்" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார்.

மறு வருஷம் மேல்வரும்படி வந்தது. ஜவுளிக்கடைப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து ஞானசௌந்தரி மாதம் ஆயிரத்து இருநூறு சம்பாதித்தாள். ரிசீவரிடம் மூச்சு விடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, கூடையோடு வரும் கங்கையம்மாள் கையில் ஆயிரத்தை வைத்து அழுத்தினாள். அப்போதெல்லாம் ஞானசௌந்தரி முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெஞ்சில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

ஏழு மாதம் ஓடியது. எட்டாவது மாதம் அரிசி மண்டி மோகன்ராஜ் வந்து நின்றார். பதினோரு பேரில் அவரும் ஒருவர். வாசலில் கங்கையம்மாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். உள்ளே புடவைகள் குவிந்து கிடந்தன. மனுஷர் நேரே ரிசீவரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரிசீவர் புருஷன், பெண்டாட்டி, மீன்காரி மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். புடவை வரும்படியை ஞானசௌந்தரி ஒத்துக்கொண்டாள். வீட்டுச் செலவுக்குப் போய்விட்டது என்றாள். முதல் தப்பு என்று எச்சரித்து விட்டார். பிறகு மீன்காரி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவங்க உங்களுக்குக் கடன் பாக்கியா?"

கங்கையம்மாள் வில்பிரட்டைப் பார்த்தாள்.

"இன்னா சார் பேஜாரு! எனுக்கு இன்னா பாக்கி? மீன் வாங்குனாங்க, துட்டு குடுத்தாங்க."

"ஆயிரம் ரூபாய்க்கா?"

"வஞ்சிரம் இன்னா வெல விக்குதுன்னு உங்க வூட்ல கேட்டுப் பாரு சார்."

ரிசீவர் சிரிக்கவில்லை. எனக்கு இவர்களிடமிருந்து எந்தப் பணமும் வர வேண்டியதில்லை, இனியும் கேட்க மாட்டேன் என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். கங்கையம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். மிச்சமிருந்த இருபதாயிரம் அந்த ஒரு ரேகையில் போயிற்று. ஞானசௌந்தரி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வில்பிரட் உள்ளே போய்விடுவார்.

பஸ் ஸ்டாண்டில் கங்கையம்மாளின் மைக்கறை படிந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எஞ்சினு என்னக்கா ஆச்சு?"

"அடகுலயே முழுவிப் போச்சு. அவுரு இன்னொருத்தன் போட்ல கூலிக்குப் போய்க்கினு கீறாரு." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "இன்மே எனுக்குத் துட்டு குடுக்காத தங்கச்சி. எவனாவது பாத்தா அண்ணன உள்ள தள்ளிடுவான். ரேகை வெச்சிட்டேன் இல்ல? வுடு."

அதற்கப்புறம் புடவைக் காசில் பாதி, கணக்காக, ரிசீவரிடம் போயிற்று. பதினோரு பங்கில் ஒன்று மாதாமாதம் மோகன்ராஜ் கைக்குச் சேர்ந்தது. அவருக்கு அது லாரிக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் காசு.

சனிக்கிழமைகளில் அடுத்த தெருவில் "மீனேய்..." என்று குரல் கேட்கும். அது இந்தச் சந்துக்குள் மட்டும் திரும்பாது. ஞானசௌந்தரி ஊசியைப் புடவையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வாசல்வரை வருவாள். ஊரே பேசும் அந்த நீள வாய், "அக்கா" என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. குரல் தேய்ந்து மறைந்ததும் உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.