இருமுறை இழுத்துப் பார்ப்பவள்

மாதம்மா லைஃப் ஜாக்கெட்டின் கிளிப்பைப் போட்டுவிட்டு ஒரு இழு இழுப்பாள். அது போதாதென்று இன்னொரு இழு இழுப்பாள். இரண்டாவது இழுப்பில் சில பேர் அவள் மேலேயே வந்து சாய்ந்துவிடுவார்கள். “என்னம்மா, மாடா புடிக்கறீங்க?” என்று சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

“தண்ணிய நம்புனாலும் நம்பலாமுங்க, கிளிப்ப நம்ப முடியாதுங்க” என்பாள். உண்மையில் அவள் தண்ணீரையும் நம்பவில்லை.

மைசூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது அந்த ஏரி. மோட்டார் படகு உண்டு, மிதிக்கிற படகு உண்டு, துணிந்தவர்களுக்கு ஜெட் ஸ்கீயும் உண்டு. நடுவில் ஒரு சின்னத் தீவு. நாரையும் கூழைக்கடாவும் அதில் குடித்தனம் நடத்தும். ஆட்களை ஏற்றிப் போய்த் தீவைச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டு வருவதுதான் மோட்டார் படகின் சவாரி. எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஜாக்கெட் மாட்டி அனுப்பியவள் மாதம்மா, தான் ஒரு நாளும் ஏறியதில்லை. படகு கிளம்பும்போதெல்லாம், “உகே மாதப்பா, போனவங்க போன மாதிரியே வரணும்” என்று மாதேஸ்வர மலைச் சாமியை வாய்க்குள்ளே கூப்பிடுவாள். படகு திரும்பி, தலைகளைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு எச்சில் இறங்கும்.

பிறந்தது கொள்ளேகாலை அடுத்த ஹனூர்ப் பக்கம். புருஷன் கரியப்பனுக்கு மைசூர் விஜயநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் காவல் வேலை. “சாமிக்கு ஒடைச்ச தேங்காயையும் மோந்து பாக்கறவ இவ” என்று கரியப்பன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதுவும் பொய்யில்லை. அழுகின காயைச் சாமிக்கு வைக்கலாமா?

இப்படிப்பட்டவளின் கண்ணில்தான் மகேந்திரன் விழுந்தான்.

மேட்டூர் அணையில் பரிசல் ஓட்டியவன். அங்கே பிழைப்புச் சரியில்லை என்று பெண்டாட்டி சௌம்யாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து, இந்த ஏரியில் மோட்டார் படகுக்குச் சேர்ந்தான். கன்னடம் தெரியாது. வேலையில் குறையில்லை. அலையே தெரியாமல் படகைத் திருப்புவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனுக்கு என்னவோ ஆகிவிடும். பாதி ஏரி போவான், தீவு கிட்டே வரும், சட்டென்று திருப்பிக்கொண்டு கரைக்கு வந்து நிற்பான். ஏறியவர்கள் சத்தம் போடுவார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடு என்பார்கள்.

முதல் தடவை மேனேஜர் உதயகுமார் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏன்ப்பா திரும்பினே?”

“அந்த அக்காதான் கூப்ட்டாங்க சார்” என்று மாதம்மாவைக் காட்டினான்.

மாதம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நானா? நான் எதுக்கு உன்னக் கூப்புடறேன்? சாமி சத்தியமா நான் கூப்புடலீங்க சார்!”

மகேந்திரன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் பேரே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. பொய் சொல்கிறவன், அதிலும் அடுத்தவள் தலையில் பொய்யைத் தூக்கி வைக்கிறவன்.

ஒன்றில் சந்தேகம் விழுந்தால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். படகில் இருக்கும்போது அவன் கண் அடிக்கடி கரைமேட்டுக் கொட்டகைக்கே போகிறதே, ஏன்? அங்கேதான் வருகிறவர்கள் பையையும் செருப்பையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். சரி, ஜாக்கெட்டை மாட்டிவிடப் போனால் “வேண்டாங்க்கா, நானே போட்டுக்கறேன்” என்று ரெண்டடி பின்னால் போகிறானே, அது ஏன்? மடியில் என்ன கனம் வைத்திருக்கிறான்?

பழைய படகோட்டி தொட்டையன் எரிகிற அடுப்பில் இன்னொரு கட்டையைச் செருகினார். அவருக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும்.

“மாதம்மா, யோசனெ மாடு, யோசிச்சுப் பாரு. கூட்டம் இல்லாத நாள்ல இவன் திரும்பறதில்ல. ஞாயித்துக்கிழமெ மாத்திரம் ஏன்? அக்கரையில புது ரிசார்ட் வருதல்லா, அவங்களும் படகு விடப் போறாங்களாம். நம்ம பேரக் கெடுக்க ஆள் அனுப்பியிருக்காங்க.”

மாதம்மாவுக்கு அது சரியென்றே பட்டது.

வியாழக்கிழமை உதயகுமார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நோடி, பாருங்க மாதம்மா, நான் ஆபீஸ்ல உக்காந்தவன். துறையில நிக்கறது நீங்க. இந்த ஞாயித்துக்கிழமை அவன நல்லா பாருங்க. வேணும்னேதான் செய்யறான்னு நீங்க ஒரு வார்த்தெ சொன்னா சாகு, அது போதும், அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அது எல்லாருக்கும் தெரியும்.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள். கரியப்பனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, அவன் திருட்டுப்பயன்னு மனசு சொல்லுது. ஆனா என் வார்த்தையில ஒருத்தன் சோறு போயிருமுங்க. கைக்கொழந்தை வேற.”

“ஏம்புள்ள, எல்லாத்தையும் ரெண்டுவாட்டி இழுத்துப் பாப்பியே? இத மட்டும் ஒருவாட்டியோட உடறயா?”

“கரையில நின்னு எப்படீங்க இழுக்கறது?”

“அப்ப ஏறு.”

விளையாட்டுக்குச் சொன்னார். அவளுக்கு ராத்திரி முழுக்க அது விளையாட்டாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கார்கள் வரிசையாக வந்தன. துறையில் எப்படி வேலை நடக்கும் என்றால், ஜாக்கெட்டுகள் மேட்டுக் கொட்டகையில் இருக்கும். அங்கே ரூபா உட்கார்ந்திருப்பாள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரின் மருமகள் அவள். வயதில் சின்னவள் என்றாலும் முதலாளி வீட்டுப் பெண். உடம்பு பெருத்தவர்களுக்குச் சிவப்பு ஜாக்கெட், மற்றவர்களுக்கு ஆரஞ்சு, பிள்ளைகளுக்கு நீலம். ஆரஞ்சும் நீலமும் துறையிலேயே கிடக்கும். சிவப்பு கொஞ்சம்தான் இருந்ததால் மேலேயே பூட்டி வைத்திருந்தார்கள். வேண்டியபோது கீழேயிருந்து கை மைக்கில் கன்னடத்தில் கேட்க வேண்டும். இத்தனை நாளும் கேட்பது மாதம்மா. அன்றைக்கு மைக்கைத் தொட்டையன் கையில் கொடுத்துவிட்டு, தானே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தன் கிளிப்பைத் தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, மகேந்திரனின் படகில் காலை வைத்தாள்.

அவன் திகைத்துப் போனான். “அக்கா... நீங்களா?”

“ஏன், நான் ஏறக்கூடாதா? ஓட்டு.”

எஞ்சினுக்குப் பக்கத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணை எடுக்கவில்லை. படகில் விஜயநகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. துறை பின்னால் சிறுத்துக்கொண்டே போயிற்று. அடியில் எத்தனை ஆள் ஆழமோ! பலகையைப் பிடித்த கை வெளுத்துப் போக, “உகே மாதப்பா, உகே மாதப்பா” என்று முணுமுணுத்தாள். மகேந்திரன் அவள் வாயையே பார்த்தான். அவன் நெற்றியில் வியர்வை பூத்தது. வேர்க்கிறதா, வேர்க்கட்டும், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள்.

தீவு கிட்டே வந்தது. கூழைக்கடாவைப் பிள்ளைகள் கைகாட்டிக் கூவினார்கள். மகேந்திரனின் கண் கரைமேட்டுக்குப் போயிற்று. இதோ பார்க்கிறான், இதோ பார்க்கிறான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் கரையிலிருந்து தொட்டையனின் குரல் மைக்கில் வந்தது. காற்று பாதியைத் தின்றுவிட, மிச்சம் மட்டும் தண்ணீர்மேல் மிதந்து வந்தது.

“...கெம்பு கொடி! கெம்பு கொடி!”

மகேந்திரன் படகை ஒரே திருப்பாகத் திருப்பினான்.

“டேய்! எதுக்குடா திருப்பற?” மாதம்மா எழுந்தே விட்டாள். படகு ஆடியது. பொத்தென்று உட்கார்ந்தாள்.

“என்னது இது, தீவைக் கண்ணுல காட்டிட்டுத் திருப்பறேளே!” என்றாள் விஜயநகர் மாமி.

“காதுல உழலீங்களாக்கா?” மகேந்திரன் கத்தினான். “செகப்புக் கொடிங்கறாங்களே! பெருங்காத்து வருதுன்னு அர்த்தம். எது எப்படி இருந்தாலும் ஒடனே கரைக்கு வந்துரணும்னு மொத நாளே மேனேஜர் சொல்லிட்டாரு. கெம்புன்னா செகப்புன்னு எனக்குத் தெரியாதாக்கும்? மேட்டுல இருக்கற கொடிக்கம்பத்தப் பாக்கலாம்னா அந்தப் பாழாப்போன அரசமரம் மறைக்குது. கொட்டாய்ப் பக்கம் எட்டி எட்டிப் பாத்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!”

மாதம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் தண்ணீர்ப் பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கெம்பு கொடி. கன்னடத்தில் அதற்குச் சிவப்பைக் கொடுங்கள் என்று பொருள். சிவப்பு ஜாக்கெட்டைத்தான் தொட்டையன் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளும் அதைத்தான் கேட்டாள். சின்னவர்களிடம் என்றால் ‘கொடு’ என்று கேட்டிருப்பாள். அது தமிழனுக்கும் விளங்கியிருக்கும். முதலாளி வீட்டுப் பெண்ணாயிற்றே என்று மரியாதை வைத்துக் ‘கொடி’ என்றாள். மரியாதைக்குப் போட்ட ஓர் எழுத்து, படகைத் திருப்பிவிட்டது.

“ஏம்ப்பா,” குரல் தழைந்து வந்தது, “அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா என்ன?”

“எப்படீங்க்கா சொல்றது? நான் கூப்புடவே இல்லைன்னு சாமி மேல சத்தியம் பண்றீங்க. நீங்க கொள்ளேகால்ப் பக்கம்னு சொன்னாங்க. அங்க மந்திரம் மாயமெல்லாம் செய்வாங்களாமே. நீங்களும் எந்நேரமும் வாய்க்குள்ள எதையோ சொல்லிட்டு... ஜாக்கெட்ட உங்க கையால மாட்டிக்கக் கூடாதுன்னு சௌம்யா வேற சத்தியம் வாங்கிட்டா.”

விஜயநகர் மாமி களுக்கென்று சிரித்துவிட்டாள். மாதம்மாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. “அது மந்திரமில்லடா பைத்தியக்காரா, மாதப்பன் பேரு. உன் படகுக்குந்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கொடிக்குக் கன்னடத்துல பாவுட்டான்னு பேரு. தெரிஞ்சுக்க. இப்பப் படகத் திருப்பு, பாவம், பிள்ளைக பறவையப் பாக்கட்டும்.”

தீவைச் சுற்றிவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் படகு பாதியில் திரும்பியதைக் கரையிலிருந்து உதயகுமார் பார்த்துவிட்டார். துறையில் கைகட்டி நின்றார்.

“திரும்பவும் திருப்பினானே? சொல்லுங்க மாதம்மா. அனுப்பிடலாமா?”

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மகேந்திரன் கயிற்றைக் கட்டாமல் கையிலேயே வைத்திருந்தான். அவள் தொட்டையனிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

“கெம்பு கொடி” என்று மெதுவாகச் சொன்னாள். “இதத் தமிழ்க் காதுல கேளுங்க சார்.”

உதயகுமார் வீட்டில் தமிழ் பேசுகிறவர். உதட்டை அசைத்து ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

“அவன் நீங்க சொன்ன சொல்லத் தட்டாம வந்தவனுங்க சார். அவன் மேல தப்பில்ல. நான்தான் கூப்ட்டிருக்கறேன், எனக்கே தெரியாம.”

தொட்டையன் ஏரியில் ஏதோ முக்கியமான அலையைத் தேடுகிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த படகுக்கு ஒரு பெரிய உடம்புக்காரர் வந்தார். மாதம்மா மைக்கைத் தூக்கி, “ரூபா, கெம்பு கொடு!” என்றாள். மேட்டிலிருந்து ரூபா எட்டிப் பார்த்தாள்.

“ஏனு மாதம்மா, இவத்திந்த மரியாதெ பேடவா?” இன்றையிலிருந்து மரியாதை கிடையாதா என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

மாதம்மா யோசித்தாள். “கெம்பு கொடு, தாயி!” என்றாள். தாயே என்றால் எந்த மருமகள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்? சிவப்பு ஜாக்கெட் சரிவில் இறங்கி வந்தது. அன்றிலிருந்து அந்தத் துறையில் அதுதான் வழக்கம்.

மகேந்திரன் தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் இரண்டு கையையும் தூக்கி நின்றான். அவள் கிளிப்பைப் போட்டாள். ஒரு இழு இழுத்தாள்.

“இப்ப நம்பிக்கை வந்துருச்சாக்கா?”

மாதம்மா இன்னொரு இழு இழுத்தாள்.