தம்பி கட்டிய சுவரும் ஆமோஸின் தூக்குநூலும்

பூச்சுவேலை செய்யும் அக்காவுக்குக் கை சுத்தம், வாய் நீளம். அடுத்த தெரு மேஸ்திரியோ வேறு யாரோ கட்டிய சுவரைக் கண்டால், நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, "சுவரா இது? வயிறு முட்டச் சாப்பிட்டுச் சாஞ்ச ஆளு மாதிரியில்ல இருக்கு!" என்பாள். கேட்பவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள்.

அவள் தம்பி முதன்முதலாகத் தனியாகப் பிடித்த வேலை, ஜெபக்கூடத்தின் புது அறை. பூச்சு அக்காவுடையது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசப்போவதும் அவள்தான். சனிக்கிழமை கலவை குழைத்தபடியே தம்பியிடம் ஒத்திகை பார்த்தாள்.

"ஆடு மேய்ச்சு, அத்திமரம் பாத்துக்கிட்டிருந்த மனுஷன்டா. தெற்கேயிருந்து வடக்கு ராஜ்யத்துக்குப் போறாரு. அங்க பணம் கொழிக்குது; ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விக்கிறாங்க. இவரு முதல்ல அக்கம்பக்கத்து நாட்டையெல்லாம் வெளுத்து வாங்குறாரு. கேட்டவங்களுக்கு ஒரே குஷி. அப்புறம் அவங்க பக்கமே திரும்பிட்டாரு. நீங்க நேரா நிக்கிறீங்களான்னு பாக்க, கடவுள் தூக்குநூலோட உங்க நடுவுலதான் நிக்கிறாருன்னுட்டாரு."

பேச்சுவாக்கில், பழக்கதோஷத்தில் குண்டைத் தொங்கவிட்டாள். மேலே சுவரை ஒட்டியிருந்த நூலுக்கும் சுவருக்கும் நடுவே, கீழே இரண்டு விரல் தாராளமாய் நுழைந்தது.

தம்பியின் முகம் வெளுத்தது. "கீழ பூச்சைத் தடிமனாப் போட்டுச் சரிக்கட்டிடுக்கா. பேர் கெட்டா எனக்கு அடுத்த வேலை யாரு தருவா?"

"அடுத்த தெரு மேஸ்திரி சுவரைப் பாத்துச் சிரிச்சோமேடா."

"அப்ப நாளைக்கு வேற எங்கயாவது போய்ப் பேசு!"

"ஆமோஸையும் இப்படித்தான் விரட்டுனாங்க, உன் ஊருக்குப் போய்ப் பொழச்சுக்கோன்னு." அக்கா பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். சுவர் பூசாமலே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது அறையிலேயே கூட்டம். அக்கம்பக்கத்து நாடுகள் வரை பேச்சு தடையில்லாமல் ஓடியது. தூக்குநூல் வந்ததும் நின்றது. காட்டுவதற்கென்று கொண்டுவந்த குண்டு கையில் இருந்தது. தம்பி கட்டிய சுவர் முதுகுக்குப் பின்னால். தம்பியைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை.

தம்பி எழுந்து வந்தான். அவள் கையிலிருந்து குண்டை வாங்கித் தொங்கவிட்டான். "நான் கட்டுனது. சாஞ்சிருக்கு. நாளைக்கே இடிச்சு நேராக் கட்டித் தர்றேன்."

கடைசி வரிசையில் அடுத்த தெரு மேஸ்திரி கனைத்தார். "ஏம்மா, இந்தச் சுவரு சாப்பிட்டுச் சாஞ்சதா, சாப்பிடாமச் சாஞ்சதா?"

கூடமே சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சுவரு சாஞ்சா என்ன அண்ணே? என் தம்பி எப்படி நிக்கிறான், நூல் பிடிச்சுப் பாருங்க! பாத்துட்டு, நாளைக்குச் சம்மட்டியோட வந்து சேருங்க."