கதீஜா அக்கா வெட்டச் சொன்ன சொல்

"கதீஜா அக்கா மௌத்தாயிட்டாங்க, கெலுகோர் வீட்லதான்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது மார்க்கெட் ஸ்திரீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உடனே எழுந்திருக்கவில்லை. கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் வர இன்னொரு டீ தேவைப்பட்டது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுங்கை பாக்காப் தோட்டங்களில் வீடு வீடாகப் போன நர்ஸ் அவர். மலேரியா கணக்கெடுப்பில் படிவம் நிரப்பும் அதிகாரி நான். மலேரியா எதனால் வருகிறது, கொசுவலை இருக்கிறதா என்று கேட்பேன். தாய்மார்கள் எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொல்வார்கள். டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அக்கா மட்டும் நின்று, "புள்ளைய எத்தன மணிக்கு வலைக்குள்ள போடுவ?" என்று கேட்பார்.

"ஒம்பதாயிரும்க்கா. அதுவரைக்கும் பின்னால தொட்டில்லதான் தூங்குவான்" என்றாள் அந்தத் தாய்மார்களில் ஒருத்தியான செல்வி. சமைத்துக்கொண்டே ஆட்டிவிட வசதியாக ஸ்பிரிங் தொட்டில் பின்வாசலில் தொங்கியது. பொழுது சாயும்போதே கொசு வந்துவிடும். நாங்கள் கொடுத்த வலையோ கட்டில் அளவு.

"தொட்டிலுக்குத் தனியா வலை தைச்சுக் குடுங்கலா" என்று அக்கா அலுவலகக் கூட்டத்தில் கேட்டார். பட்டியலில் அப்படி ஒரு பொருளே இல்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த மாதம் செல்வியின் பையனுக்குக் காய்ச்சல். எல்லோரும் டெங்கி என்றே நினைத்தோம். மலேரியா என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பிள்ளை போய்விட்டான். மலாய் மொழியில் அறிக்கை எழுதியவன் நான். காரணம் என்ற கட்டத்தில் தாயைச் 'சுவாய்' என்று எழுதினேன். அலட்சியமானவள் என்று பொருள். அது செல்வியின் காதுக்கும் போயிற்று.

அக்கா என் மேசை முன்னால் வந்து நின்றார். "அந்தச் சுவாய வெட்டுங்க தம்பி. அவ வலை கட்டாமலா இருந்தா? புள்ள தூங்குற தொட்டிலுக்கு நம்மதான் வலை குடுக்கல."

நான் வெட்டவில்லை. வெட்டினால் தப்பு எங்கள் தலையில் விடியும். அதற்குப் பிறகு அக்கா என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர எதுவும் பேசியதில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

கெலுகோர் வீட்டு வாசலில் செல்வி நின்றிருந்தாள். என் பெயரைச் சொன்னதும் கும்பிட்டாள்.

"நீங்கதானாண்ணே? சுவாய்னு எழுதுனத நீங்க வெட்டிட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க. அதுக்கப்பறம்தான் எனக்குச் சோறே எறங்குச்சு."

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பொய்தான். செல்வி என்பது அவளுடைய உண்மைப் பெயரில்லை. அவளை அடையாளம் தெரிந்துகொள்பவர்கள் தயவுசெய்து அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். அவள் இனியும் சாப்பிட வேண்டும்.