அமெரிக்க இசைநாடகமும் ஆறு மணிப் பட்மின்ரனும்

அந்த அமெரிக்க இசைநாடகத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அதன் உரிமையாளர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, பெயரை உச்சரிக்கவும் அனுமதி எடுக்கவேண்டி வருமோ என்ற பயம் எனக்கு உண்டு. தமிழில் தழுவி மேடையேற்றலாமா என்று கேட்டிருந்தேன். ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்றார்கள். தமிழாக்கினால் எல்லாச் சொல்லும் மாறுமே என்று எழுதினேன். அதனால்தான் கூடாது என்று பதில் வந்தது. ஓய்வுபெறும்வரை டென்மார்க்கின் ஒடென்சே நகரசபையில் இருந்து மற்றவர்களின் விண்ணப்பங்களை மறுத்துக்கொண்டிருந்தவன் நான். நல்ல மறுப்பைக் கண்டால் மதிக்கத் தெரியும். அது நல்ல மறுப்பு.

நாடகத்தை நானும் மனைவியும் ஓகூஸில் ஒரு சிறு அரங்கில் டேனிஷ் மொழியில் பார்த்திருந்தோம். கதை சின்னது. ஒரு பெண்ணை நடனத்துக்குக் கூட்டிப்போக இரண்டு ஆண்கள் போட்டியிடுகிறார்கள். ஒருவன் மாடு மேய்ப்பவன். நல்லவன், நன்றாகப் பாடுவான். மற்றவன் பண்ணைக் கூலியாள். அவனும் நன்றாகத்தான் பாடுவான், ஆனால் அவன் பாட்டை யாரும் கேட்கமாட்டார்கள். பெண்கள் கட்டிவந்த சாப்பாட்டுக் கூடைகளை ஏலம் விடுகிறார்கள். எவன் கூடையை வாங்குகிறானோ அவனோடு அவள் இருந்து சாப்பிடவேண்டும். நல்லவன் சேணத்தை, குதிரையை, துப்பாக்கியை விற்று அவளுடைய கூடையை வாங்குகிறான். பிறகு கல்யாணம். அங்கே கத்தியோடு வரும் கூலியாள் கைகலப்பில் தன் கத்தியிலேயே விழுந்து சாகிறான். உடனே வீட்டு வாசலிலேயே ஒரு விசாரணை வைத்து, மாப்பிள்ளை குற்றமற்றவன் என்று தீர்த்து, தம்பதியை வண்டியேற்றி விடுகிறார்கள்.

இந்தக் கதை முதலில் சாதாரண நாடகமாக வந்து அதிக நாள் ஓடாமல் படுத்தது. பிறகு இருவர் அதை எடுத்துப் பாட்டுப் போட்டார்கள். திரை விலகியதும் ஆட்டக்காரிகள் வரிசையாக வரவேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். இவர்களோ ஒரு கிழவி தனியே இருந்து வெண்ணெய் கடைவதில் தொடங்கினார்கள். ஒரு சிறு நகரத்தில் வேறு பெயரில் வெள்ளோட்டம் விட்டபோது, பார்த்த பெரியவர்கள் கையை விரித்தார்கள். கடைசிப் பாட்டைத் திருத்தி, அந்தப் பாட்டின் பெயரையே நாடகத்துக்கும் வைத்தார்கள். அது வருடக்கணக்காக ஓடியது. படம் எடுக்கப் போனபோது கதை நடக்கும் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகள் முளைத்திருந்தன. அதனால் இன்னொரு மாநிலத்துக்குப் போய், சோளத்தை யானை உயரத்துக்கு வளர்த்துப் படம் பிடித்தார்கள். அண்மையில் ஒரு நெறியாளர் இடைவேளையில் சபையோருக்குச் சாப்பாடும் கொடுத்து, முடிவில் இரத்தத்தையும் தெளித்தார். ஒவ்வொரு தலைமுறையும் அதை வெட்டி ஒட்டியிருக்கிறது. எங்களுக்கு மட்டும் ஒரு சொல்லும் மாற்றக்கூடாது.

“கூடை ஏலத்தை அவையள்தான் கண்டுபிடிச்சவையோ?” என்று கேட்டாள் என் மனைவி.

“இல்லை. அது ஊர் வழக்கம்.”

“ஒரு பொம்பிளைக்கு ரெண்டு ஆம்பிளை அடிபடுறது?”

“அதுவும் இல்லை.”

“அப்ப எனக்கு அது காணும். மிச்சத்தை அவையளே வச்சிருக்கட்டும்.”

அவள் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குபவள். ஒரு மெட்டும் ஒரு வசனமும் எடுக்காமல், எண்பதுகளில் நாங்கள் டென்மார்க்குக்கு வந்திறங்கிய காலத்துக் கதையாகப் புதிதாக எழுதினாள். மூலத்தில் கமக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இருந்த பகை, கோல்டிங் பக்கத்து இறைச்சித் தொழிற்சாலைக்காரருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களுக்கும் இடையில் வந்தது. குதிரை சைக்கிளானது. துப்பாக்கி கசெற் ரேடியோவானது. கடைசிப் பாட்டு மூலத்தில் ஒரு பிரதேசம் புது மாநிலமாவதைக் கொண்டாடுவது. எங்கள் ஆட்களுக்கு முன்னால் அதைக் கொண்டாடினால் மண்டபத்திலேயே மூன்று கட்சி பிறந்துவிடும். ஆகவே நாங்கள் இருக்கும் பியூன் தீவின் மழையையும் காற்றையும் பற்றி எழுதினாள். சங்கத் தலைவர் வந்து, யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும் என்றார்.

“அண்ணை, இது போன இடத்திலை வாழுற கதை,” என்றாள். “விட்டிட்டு வந்த இடத்தைப் பற்றி நீங்கள் தலைமையுரையிலை கதையுங்கோ. எப்பிடியும் கதைக்கத்தானே போறியள்.”

அவளுக்கு அந்தக் கடைசிப் பாட்டு மிக முக்கியம். அதுவரை அவள் எழுதிய மூன்று நாடகங்களில் ஒன்றுகூட முடிவுவரை போகவில்லை. முதலாவதின் நேரத்தைப் பிரதம விருந்தினரின் வாழ்த்துரை தின்றது. இரண்டாவதில் குசினியில் யாரோ றோல்ஸ் பொரித்துத் தீ எச்சரிக்கை மணி அடிக்க, தீயணைப்புப் படையே மேடைக்கு வந்தது. மூன்றாவதில் கதாநாயகன் மருத்துவத் தாதி. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வர ஒப்பனையோடு போய்விட்டார். சனம் அவளைக் காணும்போதெல்லாம், “அக்கா, அந்தப் பெடிச்சிக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்கும். அது பாராட்டில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“இந்த முறை கடைசிப் பாட்டு முடியாமல் நான் மண்டபத்தை விட்டு வாறதில்லை,” என்றாள்.

மண்டபத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிவரை. ஆறு மணிக்கு ஓய்வூதியக்காரரின் பட்மின்ரன் ஆட்டம். இந்த நாட்டில் அரண்மனையைக்கூடக் கேட்டுப் பார்க்கலாம். பட்மின்ரன்காரரின் ஆறு மணியைக் கேட்கக்கூடாது.

எனக்கும் நாடகத்தில் ஒரு பங்கு இருந்தது. அந்த விசாரணைக் காட்சியை என்னால் சகிக்க முடியவில்லை.

“பொம்பிளையின்ரை மாமி வீட்டு வாசலிலை, மாமியே நீதவானை வெருட்டித் தீர்ப்பு வாங்கிறா. இது என்ன விசாரணை?” என்றேன்.

“அதுகளுக்கு ரெயினைப் பிடிக்கவேணும்.”

“அடுத்த ரெயினிலை போகட்டும். நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு.”

“உங்களுக்கு ஒரு கேஸ் கிடைச்சால் கலியாணத்தையே மறந்திடுவியள்.”

கடைசியில் அந்தக் காட்சியை என்னையே எழுதவிட்டாள். முறையாக எழுதினேன். நீதவான் பக்கச்சார்பற்றவர். சாட்சிகள் தனித்தனியே அழைக்கப்பட்டார்கள். மேன்முறையீடு செய்யும் உரிமைகூட இறந்தவரின் உறவினருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. ஒத்திகையில் அதை வாசித்து முடித்தபோது, இறந்தவராகக் கிடந்தவர் உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். அவர் ஒரு மன்னார்க்காரர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தேவாலயப் பூசைக்குப் பிந்தாத மனிதர். வில்லனாக வேறு யாரும் சம்மதிக்காததால் அவரைப் பிடித்தோம். கதாநாயகன் பஸ் ஓட்டுபவர். கதாநாயகி மருந்தகத்தில் வேலை செய்யும் பெண், இங்கே பிறந்தவள். ஏலம் கூறுபவராக, கோயில் திருவிழாவில் வருடாவருடம் மாம்பழம் ஏலம் விடுபவரையே மனைவி போட்டாள். வேதக்காரரும் தங்கள் திருநாளுக்கு அவரைத்தான் இரவல் வாங்குவார்கள். அவ்வளவு திறமை. பிழை அங்கேதான் நடந்தது.

நாடகம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தலைமையுரைகூட ஒருவாறு முடிந்திருந்தது. கூடை மேடைக்கு வந்தது. பொய்க் கூடை மனைவிக்குப் பிடிக்காது. ஆகவே உள்ளே புட்டும் நண்டுக் கறியும் இருந்தன. ஏலக்காரர் மூடியைத் திறந்தார். வாசம் முன்வரிசைக்குப் போனது. அவர் வில்லனையும் நாயகனையும் பார்க்கவேண்டியவர். பழக்கதோஷத்தில் சபையைப் பார்த்தார்.

“ஆலய நிதிக்கு! ஆர் கேக்கிறியள்?”

ஆலயத்துக்கும் அந்த நாடகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முன்வரிசையிலிருந்து சங்கத் தலைவர் கை உயர்த்தினார். பின்னாலிருந்து பலசரக்குக் கடை முதலாளி அதற்கு மேலே கேட்டார். அவர்கள் இருவருக்கும் ஏலத்தில் பழைய பகை உண்டு. நாயகன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்து, “என்ரை சைக்கிளைத் தாறன்!” என்று வசனத்தைச் சொன்னார்.

“தம்பி, பொறும். பெரியாக்கள் கேக்கினம்,” என்றார் ஏலக்காரர்.

மன்னார்க்காரர் வில்லனுக்குரிய குரலில் உறுமிப் பார்த்தார். அவரையும் பொறுக்கச் சொன்னார்கள். நான் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் மனைவி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்!”

முதலாளி வென்றார். மேடையேறிக் கூடையை வாங்கிக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்து திறந்தார். கதாநாயகி டேனிஷில் ஏதோ சொன்னாள். அதை மொழிபெயர்க்கமாட்டேன். கூடை இல்லாவிட்டால் சோடி இல்லை, சோடி இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை, பாட்டும் இல்லை. மனைவி திரையை விலக்கித் தலையை நீட்டினாள்.

“தம்பி, போய் வாங்கிக்கொண்டு வாரும்!”

நாயகன் சைக்கிளோடு சபைக்குள் இறங்கினார்.

“ஐயா, சைக்கிளைத் தாறன். கூடையைத் தாங்கோ.”

“எனக்கு ஏன் உந்தச் சைக்கிள்?” முதலாளி ஒரு நண்டுக்காலை உடைத்தார். “சனிக்கிழமையிலை உமக்கு பஸ் இல்லைத்தானே? கடைக்கு வந்து அரிசி மூட்டை இறக்கும்.”

“எத்தினை சனிக்கிழமை?”

“நத்தார்ப் பண்டிகை வரைக்கும்.”

நாயகன் மேடையைப் பார்த்தார். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். “சரி, வாறன்!” என்று கத்தினார். மண்டபமே எழுந்து கைதட்டியது. குதிரையையும் துப்பாக்கியையும் விற்பவனை எந்த ஊரிலும் பார்க்கலாம். தன் சனிக்கிழமைகளை விற்பவன் எங்களிடம்தான் உண்டு. முதலாளி கூடையைக் கொடுத்தார். நண்டைக் கொடுக்கவில்லை.

ஆனால் நேரம் போய்விட்டது. மேடையில் கல்யாணம் முடிந்து வில்லன் கத்தியோடு வந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெள்ளைக் காற்சட்டைகள் தெரிந்தன. பட்மின்ரன்காரர் வந்துவிட்டார்கள். மன்னார்க்காரர் அழகாக விழுந்தார். சட்டையில் தக்காளிச் சோஸ் பரவியது. அடுத்தது என் விசாரணை. நீதவான் மேசையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்.

“உங்கடை விசாரணையை வெட்டுறன்,” என்றாள் மனைவி.

“வெட்டேலாது. ஒரு சாவு நடந்திருக்கு. விசாரிக்காமல் மாப்பிள்ளையை எப்பிடி வெளியிலை விடுறது?”

“சாவுதானே பிரச்சினை?”

மேடை ஓரத்துக்குப் போய்க் குனிந்து, கிடந்தவரின் காதுக்குள், “அண்ணை, எழும்புங்கோ,” என்றாள்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். “நான் செத்திட்டனே, தங்கச்சி.”

“இல்லை. காயம்தான். எழும்பிப் பாட்டுக்கு நில்லுங்கோ.”

மன்னார்க்காரர் எழுந்தார். சட்டையைத் தட்டினார். சபையைப் பார்த்து, “கையிலைதான் பட்டது,” என்று அறிவித்தார். இரண்டாம் தடவையாகக் கைதட்டல். அந்த இசைநாடகத்தின் நீண்ட வரலாற்றில் விசாரணையைச் சுருக்கியவர்கள் உண்டு, இரத்தத்தைக் கூட்டியவர்களும் உண்டு. இறந்தவரையே கல்யாண வரிசையில் நிறுத்தியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கணத்தில் கதவு திறந்தது. பட்மின்ரன் குழுத் தலைவர், நெடிய மனிதர், மணிக்கூட்டைக் காட்டினார். மனைவி மேடைக்கு ஏறி டேனிஷில், “ஒரு பாட்டு மிச்சம்,” என்றாள்.

“எவ்வளவு நீளம்?”

“நீங்கள் வலையைக் கட்டி முடிக்கிற நேரம்.”

அவர் யோசித்தார். அது நியாயமான கணக்கு. வலையைக் கொண்டுவரச் சொன்னார். சபையோரின் முதுகுக்குப் பின்னால் அவர்கள் கம்பங்களை நாட்ட, முன்னால் எங்கள் ஆட்கள் பாடத் தொடங்கினார்கள். மெதுவாகப் பாடவேண்டிய பாட்டு. வலை கட்டும் வேகத்தைக் கண்டு மிருதங்கக்காரர் தாளத்தை விரட்டத் தொடங்கினார். மழையும் காற்றும் நான்கு சரணத்தில் வரவேண்டியவை, ஒரே மூச்சில் அடித்துப் பெய்தன. மனைவி மேடை நடுவில் நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் வாயசைத்தாள். கடைசி வரியும் வந்தது, அதன் கடைசிச் சொல்லும் வந்தது. யாரும் வெட்டவில்லை. எந்த மணியும் அடிக்கவில்லை. அவள் அப்படியே மேடை விளிம்பில் இருந்துவிட்டாள்.

“முடிஞ்சுது,” என்றாள் என்னிடம். “முழுசா முடிஞ்சுது.” பிறகு, “மிருதங்கக்காரனை நான் கொல்லுவன்.”

“அதுக்காவது விசாரணை வைப்பீரோ?”

“நீங்களே எழுதி வையுங்கோ. பிறகு வெட்டுவம்.”

பட்மின்ரன்காரர் ஆடத் தொடங்கியிருந்தார்கள். தக்காளிச் சோஸ் சட்டையோடு மன்னார்க்காரர் என்னிடம் வந்தார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“அண்ணை, நான் செத்தது சட்டப்படி செல்லுமோ?”

“செல்லாது.”

“அப்ப சரி,” என்றார். “நான் போய்க் கதிரை அடுக்கிறன்.”