ஒனேலியாவுக்கு முன்னால் யார்?

கியூபாக் கடலோரத்தில் எங்கள் ஹிபாராவில் முறை என்பது நிற்கிற இடமல்ல, ஒரு நினைப்பு. கடை வாசலுக்கு வந்து, காற்றைப் பார்த்து "கடைசி யாரு?" என்று கேட்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு கை உயரும். அந்தக் கைக்குப் பின்னால் நீங்கள். பிறகு வீட்டுக்குப் போய் பீன்ஸ் வேகவைக்கலாம், கடலில் ஒரு முழுக்குப் போடலாம். முறையை அடுத்தவரிடம் விட்டுவிட்டுப் போகலாம், மைத்துனிக்குத் தானம் பண்ணலாம். கர்ப்பிணி மனைவிக்கு ஒரு முறை, வயிற்றில் இருப்பதற்குத் தனியாக ஒன்று என்று கேட்ட மகானும் இங்கே உண்டு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு, பத்துப் பேர் மரத்தடியில் கனவு கண்டுகொண்டிருப்பதுபோலத் தெரியும். வரிசையில் நிற்கிறோம் ஐயா.

ஒனேலியா ஃப்ரோமேத்தா முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். வரிசைக்கென்றே பிறந்தவள். சிமெண்டு பெஞ்சில் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் குறுக்கே புகுந்தவர்கள் கெட்டார்கள். யாருக்குப் பின்னால் யார் என்பது அவள் தலைக்குள் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும், அடிமணல் தெரிகிற ஆறு மாதிரி. தகராறு வந்தால் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்த ஜூலையில் மின்விசிறி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஒனேலியாவுக்கு அது உயிர்ப் பிரச்சினை. புருஷன் எவேலியோ மீன் கிடங்கில் ராக்காவல்; பகலில்தான் தூங்க வேண்டும். தகரக் கூரை. பழைய விசிறி புகைந்து செத்துப் பத்தொன்பது நாள் ஆயிற்று. மனுஷன் அன்றிலிருந்து ஒழுங்காகக் கண் மூடவில்லை. காப்பியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றான். கதவுக்குப் பின்னால் தொங்கின சட்டைக்கு வணக்கம் சொன்னான்.

ஒனேலியா விடியும்போதே போய்க் கேட்டாள். கையைத் தூக்கியவர் நாவிதர் லெயோவிஹில்தோ.

"நான்தான் கடைசி, அக்கா. எனக்கு முன்னால அந்தப் பச்சைக் குடைக்காரம்மா. ஒரு ஆளுக்குப் பாதி மழிச்சு விட்டுட்டு வந்திருக்கேன், முடிச்சுட்டு ஓடியாறேன்."

போனார். கொஞ்ச நேரத்தில் பச்சைக் குடைக்காரம்மாவும் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டாள். ஆக, நாவிதருக்கு ஒரு முறை இருந்தது என்பது உலகத்தில் ஒரே ஒரு தலைக்குள் மட்டும் இருந்தது.

வந்தவை ஒன்பது பெட்டிகள். எட்டும் போயின. ஒன்பதாவதின்மேல் ஒனேலியா கை வைத்தாள். அப்போது லெயோவிஹில்தோ வந்தார், புறங்கையெல்லாம் சோப்பு நுரை.

"நில்லுங்க! நான் இருக்கேன்!"

"எங்க இருக்கே? காலையிலேருந்து உன் நிழலைக்கூடப் பாக்கலையே" என்றாள் ஒருத்தி.

"மச்சான், போய் மிச்சத் தாடியை மழி. அந்த ஆளு ஒத்தைக் கன்னத்தோட ஊரைச் சுத்தறானாம்!" என்றான் இன்னொருத்தன்.

கூட்டம் சிரித்தது. பிறகு எல்லோரும் ஒனேலியாவைப் பார்த்தார்கள். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பதைவிடச் சுலபமான பொய் உண்டா?

ஒனேலியா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"அவரு எனக்கு முன்னால."

"அடிப் பைத்தியக்காரி! எவேலியோவை நினைச்சுப் பாரு!"

"அவரை நினைச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா இவரும் என் தலைக்குள்ள நிக்கிறாரே, நான் என்ன பண்ண?"

நாவிதருக்கு வெட்கம் வந்தது. ஆனால் பெட்டியை விடவில்லை. "கடைக்கு வேணும் அக்கா. வேர்வையில கத்தி வழுக்குது. யாராவது காதை இழந்துருவாங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "என் கடையில ரெண்டு நாற்காலி. ஒண்ணு சும்மாதான் கிடக்கு. மச்சானை அங்க வந்து தூங்கச் சொல்லு. குறட்டை விட்டா மட்டும் எழுப்பிருவேன்."

மறுநாள் காலை, எவேலியோ சவரக் கடை நாற்காலியில் சாய்ந்தான். விசிறி இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தது, அந்தப் பக்கம் ஒரு தரம். அந்தப் பக்கம் திரும்பும்போது வாடிக்கையாளர் முடி பறந்தது. இந்தப் பக்கம் வரும்போது எவேலியோவின் சட்டை மெல்லப் படகுப் பாய்போல உப்பி அடங்கியது. குறட்டை வந்தது. நாவிதர் எழுப்பவில்லை. யாரும் உரக்கப் பேசவில்லை. தரையில் முடிக்கற்றைகள் நுரைபோல மிதந்து சுவரோரம் ஒதுங்கின.

ரொட்டிக் கடையில் முறை போட்டுவிட்டு ஒனேலியா எட்டிப்பார்க்க வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். விசிறி அவளையும் ஒரு முறை தடவிப் போயிற்று. பத்தொன்பது நாள் அவளும்தானே தூங்கவில்லை? கண் முழுசாக மூடிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒனேலியா ஃப்ரோமேத்தா தன் முறையைத் தவறவிட்டாள்.

ரொட்டி வரிசையில் அவளுக்கு அடுத்தது நான்தான். கூப்பிடலாம் என்று சவரக் கடை வரை போனேன். அந்த மாதிரித் தூக்கத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குச் சேர வேண்டிய கடைசி ரொட்டி என் கையில் இன்னும் சூடாக இருந்தது.