காந்தம் பிடித்த காப்பு

முந்தலுக்கருகே மணலில் புதைந்த எங்கள் பஸ்ஸை, ஜப்பான்காரனோடு யுத்தத்துக்கென்று இந்தியாவிலிருந்து வந்திறங்கிய பட்டாளத்தின் லொறி ஒன்று இழுத்து வெளியே எடுத்துவிட்டது. லொறியை ஓட்டும் சீக்கியர் குனிந்து கயிற்றை அவிழ்க்கிறார். அதற்குள் பிலோமினா கொப்பியும் பென்சிலுமாக அவர் முன்னால் போய் நிற்கிறாள். சிலாபம் கொன்வென்டில் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை. கற்பிட்டியிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள்.

"சீக்கியர் முடி வெட்டுறதில்ல, சீப்பு எப்பவும் கூட இருக்கும், கையில வெள்ளிக் காப்பு. எல்லாம் எழுதிட்டன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுகிறாள்.

காப்பு என்றதும் அவர் மறுக்கிறார். வெள்ளியில்லை, இரும்பு. பணக்காரனுக்கும் ஏழைக்கும் அதே இரும்புதானாம்.

பிலோமினா நம்புவதாயில்லை. "இந்த உப்புக் காத்தில எங்கட நங்கூரமே துருப்பிடிக்குது. இது மட்டும் எப்பிடிப் பளபளக்கும்?"

தினமும் மணல் போட்டுத் தேய்ப்பதாகச் சொல்கிறார். அவளோ பென்சில் பெட்டியிலிருந்து ஒரு லாடக் காந்தத்தை எடுக்கிறாள். அவர் சிரித்தபடி கையை நீட்டுகிறார். காந்தம் டக்கென்று ஒட்டுகிறது. உடனே கொப்பியில் வெள்ளியை வெட்டி இரும்பு என்று எழுதுகிறாள்.

பிறகு என் பக்கம் திரும்புகிறாள். "ஐயா, உங்கட மணிக்கூட்டுச் சங்கிலி?"

"பவுன், பிள்ளை. கலியாணத்துக்கு மாமனார் போட்டது," என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுகிறேன்.

டக்.

சீக்கியர் லொறியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறகு தன் காப்பை என் சங்கிலிக்குப் பக்கத்தில் வைத்து ஏதோ சொல்கிறார்.

பிலோமினா எழுதிக்கொண்டே மொழிபெயர்க்கிறாள். "உங்களுக்கும் அதே இரும்புதானாம், ஐயா. ஆனா நல்லாத் தேய்க்கோணுமாம்."